பூட்டிய பெட்டியும் பூட்டாத கடலையும்

தெற்கத்தியான்

மூன்று ஆண்டுகளாக இந்த இணைய மன்றத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்து மட்டுமே வந்த நான், முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன். எனக்கு வயது 26. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில், மான்ட்கமரி நகரில் பிறந்து வளர்ந்தவன். பெற்றோர் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் தெற்கத்தியான்தான். தமிழை அம்மா வைத்திருந்த புத்தகங்களிலிருந்து கற்றதால் என் எழுத்து சற்று விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மான்ட்கமரியிலிருந்து டஸ்கீகிக்குச் செல்லும் பழைய 80ஆம் எண் நெடுஞ்சாலையில், ஒரு வயலின் ஓரமாக, தகரக் கூரை போட்ட சிறிய பந்தல் ஒன்று உண்டு. ஆகஸ்ட் கடைசியில் அங்கே பச்சை நிலக்கடலையை வலைப் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் தக்காளிக் கூடைகள் இருக்கும். ஒரு பை 5 டாலர் என்று அட்டையில் கையால் எழுதியிருக்கும். கடைக்காரர் என்று யாரும் இருக்க மாட்டார். வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். கடலையை உப்புப் போட்டு அவித்துத் தின்னும் வழக்கம் இங்கே ஊறிப்போன ஒன்று என்பதால், இந்த ஊருக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு உறவாகத் தோன்றிய முதல் பொருள் அந்தக் கடலைதான்.

சிறுவயதில் அப்பாவோடு அந்த வழியே போகும்போதெல்லாம், "பார், இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நம்பிக்கையுள்ளவர்கள்" என்று அவர் சொல்வார். நானும் அப்படியே நம்பி வந்தேன். சென்ற மாதம் தனியாக அங்கே நின்றபோதுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். தரையில் கான்கிரீட் ஊற்றி நட்ட இரும்புத் தூண். அதோடு பற்றவைத்த கனத்த இரும்புப் பெட்டி. மடித்த நோட்டு நுழையும் அளவுக்கு மட்டுமே ஒரு பிளவு. மூடிக்கு ஒன்றல்ல, இரண்டு பூட்டுகள். கடலை திறந்து கிடக்கிறது, காசு பூட்டிக் கிடக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளாக நாங்கள் வியந்து பார்த்தது நம்பிக்கையையா, இல்லை நட்டம் எவ்வளவு வந்தால் தாங்கலாம் என்று யாரோ போட்டுவைத்த கணக்கையா?

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அந்தப் பெட்டியே நினைவுக்கு வருகிறது. இந்த ஊரில் எதிரே வரும் வண்டியில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது உயர்த்தி வணக்கம் சொல்வார். பத்து வயதுப் பையன் பெரியவர்களைச் "சார்", "மேம்" என்று சொல்லாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வாரத்துக்கு அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டியதில்லை. தெருவே சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். ஒரு சூறாவளியில் எங்கள் வீட்டின் மீது மரம் சாய்ந்தபோது, அடுத்த வீட்டுக்காரர் விடிவதற்குள் ரம்பத்தோடு வந்து, மத்தியானம் வரை அறுத்து அப்புறப்படுத்தி, கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்தார். அதே மனிதர், இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் வீட்டுக்கு மறுபக்கம் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது, அந்தப் பக்கம் மட்டும் எட்டடி உயரத்துக்கு வேலி எழுப்பினார். மரத்தை அறுத்த கையும் வேலியை நட்ட கையும் ஒன்றுதான்.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த எண்ணம் இதுதான்: இழந்தால் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டுமே மனிதன் மற்றவரை நம்புகிறான், அதற்கு மேல் இருப்பதெல்லாம் நல்ல பழக்கவழக்கமே தவிர நம்பிக்கை அல்ல. நான் சொல்வது தவறு என்றால் எங்கே தவறு என்று காட்டுங்கள்.

வழிப்போக்கன்

கடலைக்குப் பூட்டில்லை, காசுக்குப் பூட்டுண்டு என்பதில் இவ்வளவு தத்துவம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில் உண்டியலுக்கும்தான் பூட்டு இருக்கிறது. அதனால் நாங்கள் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடுமா?

கூர்மதி

வழிப்போக்கன் வேடிக்கையாகச் சொன்னாலும் கேள்வி சரியானதுதான். முதலில் நண்பர் சொல்லும் முரண்பாட்டுக்கு எண்களில் ஆதாரம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1972 முதல் நடந்துவரும் பொதுச் சமூக ஆய்வில், "பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது மனிதர்களிடம் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் போதாதா" என்று ஒரு கேள்வி தொடர்ந்து கேட்கப்படுகிறது. நம்பலாம் என்றவர்கள் 1972 இல் நூற்றுக்கு 46 பேர். 2018 இல் 34 பேர். தென்மாநிலங்களில் இந்த விகிதம் மற்றப் பகுதிகளைவிடத் தொடர்ந்து குறைவாகவே இருந்துவருகிறது. தெருவில் போகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்லும் மக்கள்தாம், முன்பின் தெரியாதவரை நம்பலாமா என்று கேட்டால் இல்லை என்று அதிகம் சொல்கிறார்கள்.

மரியாதையும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு சான்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டவ் கோஹனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் தம் சகாக்களோடு நடத்தி 1996 இல் வெளியிட்ட சோதனைகள். ஒரு குறுகலான நடைவழியில் மாணவர் நடந்து செல்லும்போது, ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள் ஒருவர் தோளால் இடித்துவிட்டு, வாய்க்குள் ஒரு வசைச்சொல்லையும் சொல்லிப் போவார். வடக்கிலிருந்து வந்த வெள்ளையின மாணவர்களில் பெரும்பாலோர் இதைச் சிரித்து ஒதுக்கினார்கள். தெற்கிலிருந்து வந்தவர்களுக்கோ உமிழ்நீரில் கோபத்துக்கும் பதற்றத்துக்கும் உரிய சுரப்புகள் ஏறின. பிறகு அதே நடைவழியில் ஒரு பருமனான ஆளை எதிரே நடந்துவரச் செய்தார்கள். வசை கேட்காத தெற்கத்தி மாணவர் ஏறக்குறைய ஒன்பது அடி தொலைவிலேயே ஒதுங்கி வழிவிட்டார். வடக்கத்தி மாணவர்கள்கூட அவ்வளவு முன்னதாக ஒதுங்கவில்லை. வசை கேட்ட தெற்கத்தி மாணவரோ மூன்றடி நெருங்கும் வரை விலகவில்லை.

வழிவிடுவதில் முந்திக்கொள்கிறவர்களே வழிவிட மறுப்பதிலும் முந்திக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆடுமாடு மேய்த்து வந்த குடியேறிகளின் பரம்பரை என்பதால்தான் தெற்கத்தியர்களுக்கு இந்த மானஉணர்வு என்று அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணத்தைப் பலர் ஏற்பதில்லை. எனக்கும் அதில் ஐயம் உண்டு. ஆனால் ஒருவர் எந்த நேரம் சீறுவார் என்று தெரியாத ஊரில், எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை காட்டியே தீரவேண்டும் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. அந்த மரியாதை நம்பிக்கையின்மையில் முளைத்த ஒன்று. நண்பரின் அப்பா அதை நம்பிக்கை என்று எண்ணியதில் வியப்பில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

அனிச்சம்

தம்பி, நான் நாகர்கோவில்காரி. அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் பெட்டியைப் படித்ததும் எனக்கு ஒரு சட்டைப் பை நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் அலபாமாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கறுப்பினப் பெரியவர், ஒவ்வொரு முறை மாத்திரை கொடுக்கும்போதும் அதன் பெயரைத் தாளில் எழுதித் தரச் சொல்வார். எழுதித் தந்தால் அதை உரக்கப் படிப்பார், நான்காக மடிப்பார், சட்டைப் பையில் வைப்பார், அதன் பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவார். என்னிடம் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. "மேம்" என்றுதான் கூப்பிடுவார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பை புடைத்துக்கொண்டு நின்றது. எதற்கு இவ்வளவு சீட்டு என்று கேட்டதற்கு, தம் பெரியப்பா மேக்கன் கவுண்டிக்காரர் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டஸ்கீகி இருப்பது மேக்கன் கவுண்டியில்தான்; கவுண்டி என்றால் இங்கே மாவட்டம் மாதிரி. அங்கே 1932 இல் தொடங்கி 40 ஆண்டுகள் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆய்வைப் பற்றித் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. கடலைப் பந்தலுக்குப் போகும் அதே சாலைதானே.

வழிப்போக்கன்

அந்த ஆய்வைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அரசாங்கமே ஊசி போட்டு அந்த மனிதர்களுக்கு மேகநோயை (சிபிலிஸை) ஏற்றியது என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் செய்த அரசை எவன் நம்புவான்?

அனிச்சம்

அது பரவலாகச் சொல்லப்படும் தவறு, திருத்திவிட வேண்டும். யாருக்கும் நோயை ஏற்றவில்லை. ஆய்வில் இருந்த ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களில் 399 பேருக்கு முன்பே மேகநோய் இருந்தது. 201 பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்க்கப்பட்ட நோயில்லாதவர்கள். நோய் இருந்தவர்களிடம் அதன் பெயரைச் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்று ஊர் வழக்கில் சொல்லி, சிகிச்சை தருவதாக நம்பவைத்து, நோய் முற்றி உடலை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1940களின் நடுவிலேயே பென்சிலின் இந்த நோய்க்கான மருந்தாக நிலைபெற்றுவிட்டது. அதன் பிறகும் கொடுக்கவில்லை. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க அழைத்தபோது, "சிறப்பு இலவச சிகிச்சைக்குக் கடைசி வாய்ப்பு" என்று கடிதம் அனுப்பினார்கள். அது சிகிச்சையே அல்ல. ஊசியில் நோயை ஏற்றியிருந்தால் அது ஒரு நாள் கொடுமையாகப் போயிருக்கும். இது 40 ஆண்டுகள் நலம் விசாரித்துக்கொண்டே செய்தது.

செவிலியர் என்ற முறையில் எனக்கு உறுத்துவது டாக்டர்கள்கூட அல்ல, யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர்தான். அவரும் கறுப்பினத்தவர், டஸ்கீகியிலேயே செவிலியர் படிப்பு படித்தவர். டாக்டர்கள் வாஷிங்டனிலிருந்து வருவார்கள், போவார்கள், மாறுவார்கள். தொடக்கத்திலிருந்து கூடவே இருந்தவர் அவர் ஒருவர்தான். தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பரிசோதனைக்கு அழைத்துப் போவார், வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார், இறந்தவர்களின் அடக்கத்துக்குப் போவார். பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பம் ஒப்புக்கொண்டால் அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும். அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கியவரும் அவரே. அந்த மனிதர்கள் வாஷிங்டனை நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. ரிவர்ஸ் அம்மாவை நம்பினார்கள். அவர் அவர்களை நேசித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடாதது. 1958 இல் அவருடைய பணிக்காக அரசு விருதும் கொடுத்தது.

ஆகவே தம்பி, மரியாதை வேறு நம்பிக்கை வேறு என்று பிரித்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. அங்கே இருந்தது உண்மையான நம்பிக்கை, உண்மையான அன்பு. அதைத்தான் ஏணியாக வைத்து ஏறினார்கள்.

பழைய கணக்கன்

மதுரையில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் நான். 31 ஆண்டுகள் பிறர் பணத்தை எண்ணியவன் என்பதால், இந்த இழையில் பெட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். அந்த அம்மாள் எழுதியதைப் படித்த பிறகு அமெரிக்கத் தெற்கின் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுவைக்க ஃப்ரீட்மன் சேமிப்பு வங்கி என்று ஒன்று அதனால் உருவாயிற்று. தெற்கெங்கும் கிளைகள் வந்தன, மொத்தம் 37. கறுப்பினப் படைவீரர்களின் சம்பளம், துணி வெளுத்தவர்களின் கூலி, தேவாலயங்களின் காணிக்கை என்று சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது. அரசாங்கம் பொறுப்பு என்று போட்டவர்கள் நம்பினார்கள். அப்படி நினைக்கும்படிதான் வங்கியும் நடந்துகொண்டது. உண்மையில் அரசின் உத்தரவாதம் எதுவும் இல்லை.

வங்கியில் வேலை பார்த்தவன் கவனிக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் சட்டப்படி, இந்த வங்கி கடன் கொடுக்கும் வங்கியே அல்ல. வைப்புப் பணத்தின் பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில்தான் போட்டிருக்க வேண்டும். அதுதான் பூட்டு. 1870 இல் சட்டத்தைத் திருத்தி, நிலம், கட்டடம் ஆகியவற்றின் மீது கடன் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். பூட்டு திறந்தது. நிதிக்குழுவின் தலைவராக இருந்த ஹென்றி குக், அந்நாளின் பெரும் பணமுதலையான ஜே குக்கின் தம்பி. வாஷிங்டனில் இருந்த வேண்டியவர்களுக்கெல்லாம் பணம் கடனாகப் போயிற்று, ஈடு சரியில்லை. அரசுக் கருவூலத்துக்கு எதிரேயே வங்கிக்கு ஆடம்பரமான தலைமை அலுவலகம் ஒன்றையும் கட்டினார்கள். 1873 இல் ஜே குக்கின் நிறுவனம் கவிழ்ந்து நாடு முழுதும் நெருக்கடி வந்தது. 1874 மார்ச்சில், பெயர் பெற்ற கறுப்பினத் தலைவரான ஃப்ரெட்ரிக் டக்ளஸைக் கொண்டுவந்து வங்கியின் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரை உள்ளே போட்டுத் தாங்கிப் பார்த்தார். ஜூன் 29 அன்று வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் உள்ளே சிக்கியது. பல ஆண்டுகள் அலைந்து சிலர் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள்; பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

செவிலி அம்மாள் சொன்ன ரிவர்ஸும் இந்த டக்ளஸும் எனக்கு ஒரே வரிசையில் தெரிகிறார்கள். ஒருவர் தெரிந்தே செய்தார், மற்றவர் தெரியாமல் மாட்டினார் என்பது பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும், ஆட்டங்கண்ட ஒரு நிறுவனத்துக்கு முட்டுக்கொடுக்க, மக்கள் நம்பும் முகம் ஒன்று தேவைப்பட்டது. எங்கள் கிளைகளிலும் பார்த்திருக்கிறேன். கைநாட்டு வைக்கும் பாட்டிகள் வங்கியை நம்பி வருவதில்லை. கவுண்டரில் இருக்கும் ஒரு தெரிந்த முகத்தை நம்பித்தான் பாஸ்புத்தகத்தை நீட்டுவார்கள்.

கூர்மதி

பழைய கணக்கன் ஐயா சொன்ன செய்தி, இழையைத் தொடங்கிய நண்பரின் முடிவை அடியோடு சாய்த்துவிடுகிறது என்பதை அவரே கவனித்தாரா என்று தெரியவில்லை. இழந்தால் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் மனிதன் நம்புகிறான் என்றார் நண்பர். துணி வெளுத்துச் சேர்த்த காசை அந்த வங்கியில் போட்ட பெண்ணால் அதை இழந்து தாங்க முடியுமா? இருந்தது அத்தனையும் அதுதானே. தாங்க முடியாதவர்கள்தாம் அதிகம் நம்பினார்கள். கடலை வயல்காரர் ஒரு பையை நம்பி வைக்கிறார். அவர்கள் வாழ்நாளையே வைத்தார்கள். வசதியுள்ளவனின் நம்பிக்கைக்குத்தான் அளவு பார்க்கும் வாய்ப்பு உண்டு. வேறு வழியில்லாதவன் முழுதாக நம்பியாக வேண்டியிருக்கிறது.

டஸ்கீகி ஆய்வின் பின்விளைவு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் 1966 முதல் உள்ளேயே முறையிட்டுப் பார்த்து, பலனில்லாமல் போகவே செய்தியாளர்களை நாடினார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளியான பிறகுதான் ஆய்வு நின்றது. அதன் பிறகு கறுப்பின ஆண்கள் மருத்துவமனைப் பக்கம் போவது குறைந்ததா என்பதை மார்செல்லா அல்சன், மேரியன் வானமேக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்கள். குறைந்தது, மேக்கன் கவுண்டிக்கு அருகில் இருந்தவர்களிடம் அதிகமாகவே குறைந்தது, 45 வயதில் இருந்த கறுப்பின ஆண்களின் எஞ்சிய ஆயுளில் ஒன்றரை ஆண்டு வரை இதனால் போயிருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இந்த முறையைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நம்பியதால் இறந்தவர்கள் ஒரு பக்கம் என்றால், அந்தச் செய்தியைக் கேட்டு நம்பாமல் போனதால் இறந்தவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அனிச்சம் சொன்ன பெரியவரை நான் அவநம்பிக்கைக்காரர் என்று சொல்லமாட்டேன். சீட்டு கைக்கு வந்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டார் அல்லவா?

தெற்கத்தியான்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. கூர்மதி சொன்னதை இரண்டு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, என் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கும் சக்தி உள்ளவன் போடும் கணக்கை மனித இயல்பு என்று எண்ணிவிட்டேன். எங்கள் வீட்டில் பணத்தட்டுப்பாடு இருந்ததில்லை என்பதை இதற்குக் காரணமாகச் சொல்லலாம். சாக்காகச் சொல்ல முடியாது.

ஆனால் இழந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு என் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் மான்ட்கமரியின் கறுப்பின மக்கள், இருக்கைகளில் இனம் பிரித்ததை எதிர்த்து, நகரப் பேருந்துகளில் ஏறாமல் இருந்ததை எல்லோரும் அறிவார்கள். அத்தனை நாளும் அவர்கள் வேலைக்குப் போனது எப்படி என்பதைப் பள்ளியில் எங்களுக்கு ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் முறைவைத்து மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். அதற்கு நிறுத்தங்கள், நேரங்கள், பெட்ரோல் செலவு எல்லாம் இருந்தன. உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வண்டிகளின் காப்பீட்டை நீக்கியபோது, லண்டனில் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை வழியாகக் காப்பீடு வாங்கினார்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மாள், தம்மைப் போன்ற சமையற்காரப் பெண்களையும் வீட்டு வேலை செய்த பெண்களையும் சேர்த்துக்கொண்டு, கோழி வறுவலும் கேக்கும் செய்து விற்றார். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் "எங்கிருந்தோ வந்தவர்கள்" என்ற பொருள் தரும். காசு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தோ வந்தது என்று சொல்லிவிடலாம். செய்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் வெள்ளையர் வீடுகளில் அவர்கள் பார்த்த வேலை போய்விடும். வாங்கியவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள், அவர்கள் பெயரும் தெரியக்கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கில்மோர் அம்மாள் ஒருவருக்கே தெரியும். திங்கட்கிழமைக் கூட்டங்களில் அவர் எழுந்து நின்று, இந்த வாரம் இவ்வளவு என்று தொகையைச் சொல்லி ஒப்படைப்பார், கூட்டம் ஆரவாரிக்கும்.

ஃப்ரீட்மன் வங்கியில் ஒவ்வொருவருக்கும் பாஸ்புத்தகம் இருந்தது, பேரேடு இருந்தது, சட்டம் இருந்தது, பணம் போயிற்று. இங்கே ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஏமாற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும்தாம் இதைச் செய்தவர்கள். பேருந்தில் இருக்கையை விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸுக்கு வழக்கறிஞராக நின்ற ஃப்ரெட் கிரேதான், பிற்காலத்தில் டஸ்கீகி ஆய்வில் ஏமாற்றப்பட்டவர்களுக்காகவும் வழக்காடி, 1974 இல் ஒரு கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு காண வைத்தார்.

பழைய கணக்கன்

தம்பி, அந்த அம்மாளின் கதையைப் படித்து நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. கணக்கில்லாப் பணம் ஒருவர் கையில் நன்றாக இருந்தது என்பதை விதியாக்கிவிடாதீர்கள். அந்த அம்மாள் வாரந்தோறும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று தொகையைச் சொன்னார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேக் விற்றவள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். தான் கொடுத்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். தணிக்கை என்பது வேறென்ன? வாஷிங்டனில் குக் யார் முன்னால் எழுந்து நின்று சொன்னார்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கடலைப் பெட்டியில் இரண்டு பூட்டு என்று எழுதியிருந்தீர்கள். திருடனுக்கு ஒரு பூட்டே போதும். உடைக்கிறவன் இரண்டையும் உடைப்பான். இரண்டாவது பூட்டு எதற்கு? சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தீர்களா?

தெற்கத்தியான்

ஐயா, கேட்டதற்கு வெட்கப்பட்டேன். இருபது ஆண்டுகளாக அந்தப் பந்தலில் கடலை வாங்குகிறோம். வைத்தவர் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சென்ற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய்க் காத்திருந்தேன். ஆறே முக்காலுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வந்தது. இறங்கியவர் எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, பைகளை இறக்குவதற்குக் கைகொடுத்தேன். பிறகு பெட்டியைப் பற்றிக் கேட்டேன். காசைப் பூட்டி வைத்திருப்பது வாங்க வருகிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லாததாலா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். கடலை ஒரு பை போனால் அது என் கடலை, பெட்டியில் இருப்பது நான் இல்லாதபோது நேர்மையாக நடந்துகொண்டவர்கள் போட்ட காசு, அதைத் திறந்து வைத்தால் அவர்களுக்கு என்ன மரியாதை என்றார். இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வழிப்போக்கனின் உண்டியல் கேள்விக்கும் இதுதான் விடை என்று நினைக்கிறேன். அப்போது பதில் சொல்லாததற்கு வழிப்போக்கனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பூட்டைப் பற்றியும் கேட்டேன். தக்காளி அவருடையது அல்லவாம். சாலைக்கு எதிர்ப்பக்கத்து வயல்காரர் ஒருவருடையது; வெள்ளையர். பந்தல் ஒன்று, பெட்டி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தத்தம் தேவாலயத்துக்குப் போய்வந்த பிறகு இங்கே வந்து, ஆளுக்கொரு பூட்டைத் திறந்து, மேசையில் கொட்டி எண்ணி, எத்தனை பை போயிற்று எத்தனை கூடை போயிற்று என்று பார்த்துப் பங்கிட்டுக்கொள்வார்களாம். எத்தனை காலமாக என்று கேட்டேன். தம் மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டிலிருந்து என்றார். அந்த மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது.

அவர் மேல் உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று உறைத்தது. பெரியவர் பதில் சொல்லவில்லை. கடைசிப் பையை மேசையில் வைத்து, அட்டையை நேராக நிமிர்த்தினார். நான் ஒரு பை எடுத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 5 டாலரை மடித்துப் பிளவில் போட்டேன்.

பழைய கணக்கன்

தம்பி, எங்கள் வங்கியில் பெட்டக அறைக்கு எப்போதும் இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், மற்றது காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். கடைசி ஒன்பது ஆண்டுகள் எனக்குக் காசாளராக இருந்தவர் என் மகள் கல்யாணத்தில் பந்தியை நின்று கவனித்தவர்; அவர் தாயார் இறந்தபோது மயானம் வரை நான் போனேன். ஒரு நாள் அவருக்கு வழியில் விபத்து என்று செய்தி வந்து, ஓடிப்போய்ப் பார்த்தால், ரத்தக் கறை படிந்த சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என்னிடம் தராமல், எனக்குப் பின்னால் வந்த துணைக் காசாளரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினார். அன்று மட்டும் வேறு மாதிரி செய்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.